கண்மாய்க் கோரையும் தொட்டிக் கோரையும்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் கண்மாய்ச் செடிகளைப் பற்றி எழுதும்போது கோரைக்கு நாலு வரிதான் ஒதுக்கினேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. எனக்கு ரொம்பச் சந்தோஷம். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் நான். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க, பிள்ளைகளிடம் ரோஜாவையும் செம்பருத்தியையும் காட்டியதைவிடக் கோரையைக் காட்டியதுதான் அதிகம். ஆகவே இந்த முறை பகுதி முழுக்கக் கோரைக்கே.

"எங்கள் ஊர்க் கண்மாயில் பாதிக்கு மேல் கோரை மண்டிக் கிடக்கிறது. தூர்வாரும்போது இயந்திரம் வைத்து மொத்தமாக வழித்துவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசுகிறார்கள். பறவை வருகிறது, விட்டுவிடுங்கள் என்கிறார்கள் இளவட்டங்கள். எது சரி அம்மா?"
மேலூர் வட்டாரத்திலிருந்து ஒரு விவசாயி

முதலில் அது கோரைதானா என்று பார்த்துவிடுங்கள். நம் பக்கம் கண்மாயில் நெடுநெடுவென்று நிற்கும் எல்லாவற்றையும் கோரை என்றே சொல்லிவிடுகிறோம். பாதி இடங்களில் நிற்பது சம்பு. ஆனைக்கோரை என்றும் அதைச் சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம், குணமும் வேறு.

ஒரு தண்டை அடியில் அறுத்துக் கையில் எடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். கோரை என்றால் உருளாது. மூன்று விளிம்பு விரலில் தட்டும். குறுக்கே வெட்டினால் முக்கோணமாக, உள்ளே வெள்ளைச் சோறு நிறைந்து இருக்கும். புல்லில் வருவதுபோலக் கணு இருக்காது. சம்பில் தண்டு என்று நீங்கள் நினைப்பதே இலைதான். பட்டையாக, பஞ்சு மாதிரி அமுங்கும். அடியில் விசிறியாக விரிந்திருக்கும், உச்சியில் பழுப்பு நிறத்தில் உருண்டை நீளக் கதிர் வரும். இன்னொன்றும் நம் கண்மாய்களில் உண்டு. இலையே தெரியாது, உருண்டையான பச்சைக் குழல் மட்டும் நிற்கும். விரலால் அழுத்திக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் தடுப்புகள் ஒவ்வொன்றாக உடைந்து 'படக் படக்' என்று சத்தம் வரும். அதுவும் கோரைக் குடும்பம்தான்.

இந்தச் சோதனையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கோரைக்கும் சம்புக்கும் செய்ய வேண்டியது வேறு. நம் கண்மாய் ஐப்பசி, கார்த்திகையில் பெருகி, சித்திரை வைகாசியில் தரை வெடிக்கக் காயும். இந்த ஏற்ற இறக்கம் கோரைக்குப் பழகியது. தண்ணீர் வடிந்து மேலே தண்டு காய்ந்தாலும் சேற்றுக்குள் கிழங்குத்தண்டு உயிரோடு கிடக்கும். மழை விழுந்ததும் துளிர்த்துவிடும். காய்ந்த தரை வெடிப்பிலிருந்து ஊசி ஊசியாகப் பச்சை எழுவதை மானாவாரிக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சம்புக்கு அப்படி இல்லை. வருஷம் பூராவும் தண்ணீர் நின்று, அதில் சத்தும் கூடி இருந்தால்தான் அது இஷ்டத்துக்குப் படரும். சாக்கடைத் தண்ணீர் சேரும் கண்மாய் எதையாவது போய்ப் பாருங்கள், காயவே காயாது, சம்பும் ஆகாயத்தாமரையுமாக மூடிக் கிடக்கும். அங்கே இயந்திரம் வைத்து எத்தனை தடவை வழித்தாலும் கழிவுநீர் வருவதை நிறுத்தாதவரை சம்பு திரும்ப வரும். ஒரு கதிரிலிருந்து லட்சத்துக்கும் மேல் விதை பஞ்சாகப் பறக்கும். இயந்திரம் நறுக்கிப் போட்ட கிழங்குத் துண்டுகள் ஒவ்வொன்றும் தனிச் செடியாகும்.

உங்கள் கண்மாயில் இருப்பது சம்புதான் என்றால் ஒரு வழி சொல்கிறேன். கதிர் தலைகாட்டும் சமயத்தில், தண்ணீர் நிற்கும்போதே, நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் அறுத்துவிடுங்கள். அறுத்த அடிக்கட்டை இரண்டு மூன்று வாரம் முழுகியே இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்குக் காற்று போவது மேலே நிற்கும் இலை வழியாகத்தான். அந்தக் குழாயைத் தண்ணீருக்குள் மூடிவிட்டால் கிழங்கு மூச்சில்லாமல் அழுகும். கதிர் வரும் நேரத்தில் கிழங்கில் சேமிப்பும் குறைந்திருக்கும் என்பதால் அப்போது அறுத்தால் பலன் அதிகம். தண்ணீருக்கு மேலே அறுத்தால் மறுபடி தழைத்துவிடும்.

கோரைதான் என்றால், மொத்தமாக வழிக்காதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். மடை வாயில், மிகுநீர் வழியும் கலுங்குக்கு முன்னால், தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலில் நிற்கிற கோரையைத் தாராளமாக எடுங்கள். அங்கே நின்றால் தண்ணீர் போக்குவரத்துக்கு இடைஞ்சல், எடுத்தே ஆக வேண்டும். கரைக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் பரவி நிற்கும் உள்வாயின் மேட்டில், முழங்கால் அளவுக்குள் தண்ணீர் நிற்கிற இடத்தில் இருப்பதை விட்டுவிடுங்கள். வரத்துத் தண்ணீர் கொண்டுவரும் வண்டலை அந்தக் கோரைதான் மறித்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் அத்தனையும் ஆழத்துக்கு வந்து மடை தூர்ந்துபோகும். நீலத் தாழைக்கோழி கூடு வைப்பதும் முக்குளிப்பான் ஒளிவதும் அங்கேதான். குஞ்சு மீன்களும் பெரிய மீனுக்குத் தப்பி அந்தத் தண்டுகளுக்குள்தான் வளரும். மீன்பாசி, அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் எடுப்பவர்களையே கேட்டுப் பாருங்கள்.

இயந்திரத்தில் இன்னொரு கெடுதல், கண்மாயைத் தொட்டி மாதிரி செங்குத்தாக வெட்டிவிடுவது. சரிவு போய்விட்டால் கோரை நிற்க ஆழம் குறைந்த இடமே இருக்காது. வெட்டும் ஆட்களிடம் சரிவை விட்டு வெட்டச் சொல்லுங்கள். உங்கள் வட்டாரத்து அரிட்டாபட்டியைத்தான் 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. அங்கே குன்றும் சுனையும் கண்மாயும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருப்பதால்தான் அத்தனை உயிர்கள் பிழைக்கின்றன. உங்கள் ஊர் இளவட்டங்களை ஒருநாள் அங்கே அழைத்துப் போங்கள், ஊர்க்கூட்டத்தில் பேசுவதற்கு அவர்களுக்குத் தெம்பு வரும்.

"மாடியில் பாய்க்கோரை வளர்க்க ஆசைப்பட்டு ஒரு கொத்து வாங்கி வைத்தேன். தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து, சிமென்ட் தொட்டியில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். நுனி பழுத்து, தண்டு ஒல்லியாகிச் சாய்கிறது. கொசு வேறு வருமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்."
மதுரை கே.கே. நகரிலிருந்து ஒரு வாசகி

தினமும் ஊற்றுகிறேன் என்று எழுதியதிலிருந்தே தெரிகிறது, உங்கள் தொட்டியில் ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைத்துவிடுங்கள் அம்மா. கோரைக்குத் தண்ணீர் வந்து போனால் போதாது, வேரில் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

மண்ணையும் மாற்றுங்கள். தென்னைநார்க் கழிவு மிதக்கும், மண்புழு உரம் தண்ணீரில் அழுகிப் பாசி கட்டும். கண்மாய் அடியில் படியும் கரம்பை மண் கிடைத்தால் அதுவே முதல் தரம். கிடைக்காவிட்டால் வயல் மண்ணில் கால் பங்கு ஆற்று மணலைக் கலந்து, தொட்டியில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக நிரப்புங்கள். உரம் எதுவும் வேண்டாம். கிழங்குத்தண்டை இரண்டு மூன்று குருத்தோடு வெட்டி, இரண்டு விரல் ஆழத்தில் படுக்கவைத்து மூடுங்கள். நட்டவுடன் தண்ணீரை நிரப்பிவிடாதீர்கள். குருத்து ஒரு சாண் வரும்வரை மண் சேறாக இருந்தால் போதும். அப்புறம் மண்ணுக்கு மேல் நாலு விரல், நன்றாகத் தூர் கட்டியதும் ஒரு சாண். அதற்கு மேல் ஆழம் வேண்டாம்.

தண்டு ஒல்லியாகிச் சாய்வதற்குக் காரணம் நிழல். கோரை வெயில் செடி. குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் விழுகிற மூலைக்குத் தொட்டியை நகர்த்துங்கள். மதுரை மொட்டைமாடி வெயில் எல்லாச் செடிக்கும் எமன் என்பார்கள், இதற்கு அது கொண்டாட்டம்.

நுனி பழுப்பதற்கு உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்படுகிறேன். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். நாம் மேலே மேலே ஊற்ற, உப்பும் ஏறிக்கொண்டே போகும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் மாதம் ஒருமுறை பழைய தண்ணீரை முழுக்க இறைத்துக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். ஐப்பசி மழையில் தொட்டி தானாக நிரம்பி வழியும்படி விட்டாலே பாதி உப்பு கழுவிப் போய்விடும்.

கொசுவுக்கு மீன் விடுங்கள். கம்பூசியா மட்டும் வேண்டாம். அது வெளிநாட்டு மீன், தவளைக் குஞ்சையும் மற்ற மீன் குஞ்சையும் தின்றுவிடும், மழையில் தொட்டி வழிந்து வாய்க்காலுக்குப் போனால் வம்பு. நம் வாய்க்கால்களிலேயே விரல் நீளத்துக்கும் குறைவான ஒரு மீன் நீர்மட்டத்தை ஒட்டியே மேயும். மேலிருந்து பார்த்தால் தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி மின்னும். அதில் நாலைந்து போதும், ஒரு புழு மிஞ்சாது.

முற்றிய தண்டுகளை அவ்வப்போது அறுத்துவிடுங்கள், நீர்மட்டத்துக்கு மேலே. மேலே சம்பை அழிக்கச் சொன்ன முறையை இங்கே செய்துவிடாதீர்கள்.

"ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது. போர் தண்ணீரில் பாய்க்கோரை போட்டால் லாபம் கிடைக்கும் என்று கரூர்ப் பக்கத்து உறவினர் சொல்கிறார். போடலாமா? பத்தமடைப் பாய்க்கு வரும் கோரை நம் மண்ணில் வருமா?"
திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்

உங்கள் உறவினர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. கரூர், நாமக்கல், திருச்சி மாவட்டங்களில் காவிரிக் கரையை ஒட்டிக் கோரையைப் பயிராகவே போடுகிறார்கள். கிழங்குத்தண்டை நட்டு ஏறக்குறைய ஒரு வருஷத்தில் முதல் அறுப்பு, அப்புறம் வருஷத்துக்கு இரண்டு அறுப்பு. ஒருமுறை நட்டால் பல வருஷம் நிற்கும். ஆற்று வண்டலும் மணலும் கலந்த மண், கை எட்டுகிற தூரத்தில் தண்ணீர், பக்கத்திலேயே பாய்த் தறிகள். இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த லாபம்.

உங்களுக்குக் கரிசல் மண். கரிசலில் கோரை வராது என்று சொல்லமாட்டேன், வரும். ஆனால் மாசி பங்குனியில் உங்கள் போர் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை மனசாட்சியோடு யோசியுங்கள். நெல்லுக்காவது நாலு மாதத்தில் விடுதலை உண்டு. கோரைக்குப் பன்னிரண்டு மாதமும் ஈரம் வேண்டும். பாதியில் காய்ந்தால் செடி சாகாது, ஆனால் தண்டு குட்டையாகிவிடும். குட்டைக் கோரைக்குப் பாய்க்காரர்கள் விலை கொடுக்கமாட்டார்கள், அவர்கள் பார்ப்பதே நீளத்தைத்தான். அறுத்த பிறகும் வேலை நிற்காது. நீளவாரியாகத் தரம் பிரித்து, கிழித்து, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். நடுவில் ஒரு மழை விழுந்தால் கறுத்துப்போய் அடிமாட்டு விலைக்குப் போகும். என் அபிப்பிராயம், போர் தண்ணீரை நம்பி ஒரு ஏக்கர் போடாதீர்கள். வாய்க்கால் கசிவு விழும் தாழ்வான மூலை இருந்தால் நாலைந்து சென்ட்டில் போட்டுப் பாருங்கள்.

பத்தமடைக் கோரையும் இதே கோரைக் குலம்தான். தாமிரபரணிக் கரையில் வளர்வது. வைகைக் கரையிலும் அது வளரத் தடையில்லை. அந்தப் பாயின் மேன்மை முக்கால்வாசி கையில் இருக்கிறது. தண்டை உலர்த்தி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மறுபடி உலர்த்தி, நூல் இழை மாதிரி மெல்லியதாகக் கிழித்துப் பருத்திப் பாவில் நெய்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற பாய் அது. அதில் மெல்லிய ரகமான பட்டுப்பாயை மடித்தால் துணி மாதிரி மடிகிறது. ஊறவைக்க ஓடும் தண்ணீர் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். வைகையில் அப்படித் தெளிந்து ஓடுகிற தண்ணீரை மதுரைக்குக் கீழே நாம் எங்கே வைத்திருக்கிறோம்? எனக்கு இதை எழுதும்போதே வயிறு எரிகிறது.

"வயலில் கோரை தாங்க முடியவில்லை. பிடுங்கப் பிடுங்க வருகிறது. நீங்கள் கோரையைப் புகழ்ந்து எழுதுகிறீர்கள்!"
உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகி

நீங்கள் படும் பாடு நியாயமானது. உங்கள் வயலில் இருப்பது கிழங்குக் கோரை. நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று வாசனையோடு விற்கிறார்களே, அந்தக் கிழங்கு அதனுடையதுதான். பாய்க்கோரைக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் ஈரச் சேற்றைவிட மேட்டு வயலைத்தான் விரும்பும். மண்ணுக்குள் கிழங்கும் வேருமாகச் சங்கிலி கோத்துக்கொண்டு போகும். ஒன்றைப் பிடுங்கினால் சங்கிலி அறுந்து, மிச்சக் கிழங்குகள் அத்தனையும் முளைக்கும். அதனால்தான் பிடுங்கப் பிடுங்க வருகிறது.

அதற்கு இரண்டு பகை, காய்ச்சலும் நிழலும். ஈரத்தில் உழுதால் கிழங்கைப் பரப்பி நடவு செய்த மாதிரி ஆகிவிடும். சித்திரை வெயிலில் நன்றாக ஆழ உழுது, கட்டியைப் புரட்டிப் போட்டுவிடுங்கள். மேலே வந்த கிழங்கு வெயிலில் சுருங்கிச் செத்துப்போகும். மழை வந்ததும் சணப்போ தக்கைப்பூண்டோ நெருக்கமாக விதையுங்கள். அது வளர்ந்து தரையை மூடினால் கீழே கோரை வெளுத்து ஓய்ந்துபோகும். பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் நிலத்துக்கும் உரம். தண்ணீர் வசதி உள்ளவர்கள் ஒரு போகம் நெல் நட்டுத் தண்ணீர் கட்டினாலும் பெரும்பாலும் அடங்கும். ஒரு வருஷத்தில் முழுக்கப் போகாது, அடுத்த கோடையிலும் உழவு போட வேண்டியிருக்கும்.

"தண்ணீரிலேயே நிற்கும் கோரை வேர் ஏன் அழுகுவதில்லை? மற்ற செடிக்குத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடுகிறதே?"
மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

நல்ல கேள்வி தம்பி. பதிலை நீங்களே கண்ணால் பார்க்கலாம். கண்மாய் ஓரத்தில் ஒரு கோரைத் தூரை மெதுவாகச் சேற்றோடு பெயர்த்து எடுங்கள். சேறு கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருக்கும். அந்தச் சேற்றில் காற்றே இல்லை என்பதற்கு அடையாளம் அது. இப்போது வேரைக் கழுவாமல் உற்றுப் பாருங்கள். இளவேர்களை ஒட்டி மட்டும் துருப்பிடித்த மாதிரி செம்மஞ்சள் நிறம் பூசியிருக்கும். நிஜமாகவே அது இரும்புத் துருதான்.

கோரைத் தண்டின் உள்சோறு முழுக்க நுண்ணிய காற்று அறைகள். மேலே இருந்து ஆக்சிஜன் அந்த வழியாக இறங்கி வேருக்கு வருகிறது, வேரிலிருந்து கொஞ்சம் வெளியேயும் கசிகிறது. சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு அந்த ஆக்சிஜனைத் தொட்டதும் துருவாகி வேர்மேல் படிகிறது. அப்படிக் காற்று கசிகிற இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரிக்கச் செயற்கையாகச் சதுப்பு அமைப்பவர்கள் கோரையையும் சம்பையும் நாணலையும் நடுவது இதற்காகத்தான். உங்கள் கல்லூரி விடுதிச் சமையலறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். துறையில் பேசி, சரளைக்கல் நிரப்பிய ஒரு வாய்க்காலில் கோரை நட்டுச் சோதித்தால் அருமையான செயல்திட்டமாக வரும்.

"கோரை இருந்தால் பாம்பு வருமே?"
அலங்காநல்லூரிலிருந்து ஒரு வாசகர்

வரும். தவளை இருக்கும் இடத்துக்குத் தண்ணீர்ப்பாம்பு வரத்தான் செய்யும், அதற்கு விஷம் கிடையாது. பயப்பட வேண்டியது கரை மேட்டில் காய்ந்த புதரிலும் எலி வளையிலும் இருக்கும் கண்ணாடி விரியனுக்கு. இரவில் மடை பார்க்கப் போனால் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். கோரை அறுக்கிறவர்கள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனை.

"வளர்க்க ஆசை. கோரை எங்கே கிடைக்கும்? நர்சரியில் கேட்டால் குடை மாதிரி விரிந்த ஒரு செடியைக் கொடுக்கிறார்கள்."
திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு வாசகி

அது குடைக்கோரை, ஆப்பிரிக்கப் பக்கத்துச் செடி. அழகுக்காக விற்கிறார்கள். பாப்பிரஸ் என்று தலையில் பச்சை முடி விரித்த மாதிரி இன்னொன்றும் விற்கிறார்கள், அதுவும் ஆப்பிரிக்காதான். தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. சலித்துப்போனால் கண்மாயில் கொண்டுபோய் வீசிவிட மட்டும் கூடாது. ஆகாயத்தாமரை அப்படி அழகுக்காக வந்ததுதான்.

நாட்டுக் கோரைக்கு நர்சரி தேவையே இல்லை. தை, மாசியில் கண்மாயில் தண்ணீர் இறங்கும்போது ஓரத்தில் நிற்கிற தூரில் ஒரு கைப்பிடி போதும். ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மண்வெட்டியால் சேற்றோடு பெயர்த்து, தண்டை ஒரு முழம் விட்டு மேலே நறுக்கிவிட்டு, நனைத்த சாக்கில் சுற்றி எடுத்து வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் அலசி, ஆகாயத்தாமரைத் துணுக்கோ சம்புக் கிழங்கோ ஒட்டியிருந்தால் எடுத்துக் காயப்போட்டுவிடுங்கள். நடும் முறையை மேலே கே.கே. நகர் அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன், அதையே செய்யுங்கள். மாசியில் நட்டால் ஆடிக்குள் தொட்டி நிறையும். நிறைந்ததும் பாதியைப் பிரித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.